மார்புப்பட்டை அணிந்து சைக்கிள் மிதிக்கும் அன்பர்களுக்கு

திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரத்தை நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியுமுன்னே சைக்கிள் மிதிக்கப் புறப்படும் அன்பர்களுக்கு, விசேஷமாக ஐம்பது வயதைக் கடந்த பின்னர் இந்த அப்பியாசத்தை மேற்கொண்டவர்களுக்கு எழுதுவது:

உங்களில் பலருடைய ஹேண்டில்பாரின் நடுவே தீப்பெட்டியைக் காட்டிலும் சற்றே பெரிதான ஒரு கம்ப்யூட்டர் குடியேறியிருப்பதையும், சட்டைக்குள்ளே மார்பைச் சுற்றி ஒரு பட்டை கட்டப்பட்டிருப்பதையும், அவ்விரண்டுக்கும் இடையே கம்பித் தொடர்பு ஏதுமின்றியே ஹிருதயம் நிமிஷத்துக்கு இத்தனை முறை துடிக்கிறது என்ற எண் கண்முன்னே தோன்றுவதையும் நான் சந்தோஷத்தோடு பார்த்து வருகிறேன். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு ஊறு செய்வதாக ஒரு வழக்கமும் கூடவே வளர்ந்து வருகிறது. கோவளத்தருகே தேநீருக்கு நிற்கும்போது, எத்தனை தூரம், என்ன வேகம் என்று முன்னெல்லாம் பேசிக்கொண்டிருந்தவர்கள், இப்பொழுது "உங்களுக்கு எவ்வளவு போயிற்று, சார்?" என்று ஒருவரையொருவர் துடிப்பின் கணக்குக் கேட்கிறார்கள். 170 என்று சொன்னவரை ஒருவர் வீரர் என்கிறார், மற்றொருவர் "உடனே டாக்டரைப் பாருங்கள்" என்று பயமுறுத்துகிறார். 130 என்று சொன்னவரோ, தாம் ஏதோ ஏமாற்றிவிட்டதுபோல அடுத்த வாரம் வீணாக முடுக்கி மிதிக்கிறார். இந்தத் தீர்ப்புகளில் ஒன்றுக்கும் ஆதாரமில்லை என்பதையும், ஒருவருடைய எண்ணை மற்றவருடைய எண்ணோடு நிறுத்திப் பார்ப்பதில் பிரயோஜனமே கிடையாது, அவரவர் தம்முடைய சென்ற மாதத்து எண்ணோடு வைத்துப் பார்ப்பதிலேயே அக்கருவியின் மதிப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதையும் எடுத்துச் சொல்லவே இம்மடலை எழுதலானேன்.

சைக்கிளில் சென்ற தூரத்தை அறியவேண்டும் என்ற ஆசை பழையது. அமெரிக்காவிலே கர்ட்டிஸ் வீடர் என்பவர் 1895-இல் செய்து விற்கத் தொடங்கிய சிறு யந்திரம், முன்சக்கரத்தின் ஆரக்கம்பியில் பூட்டிய ஒரு முனை ஒவ்வொரு சுற்றிலும் தட்டத் தட்ட, பற்சக்கரங்களை நகர்த்தித் தூரத்தைக் காட்டிற்று. இன்றைய மீட்டரும் அதே காரியத்தைத்தான் செய்கிறது; தட்டுகிற முனைக்குப் பதிலாக ஆரக்கம்பியில் ஒரு காந்தம், பற்சக்கரத்துக்குப் பதிலாக ஃபோர்க்கில் ஓர் உணர்கருவி என்று வேஷம் மாறியிருக்கிறது, அவ்வளவே. துடிப்பைக் கம்பியில்லாமல் அறியும் வித்தைதான் புதியது. பின்லாந்து தேசத்தின் ஔலு நகரத்துச் சர்வகலாசாலையில் மின்னணுவியல் பேராசிரியராக இருந்த செப்போ சைனாயகங்கஸ் என்பவர், பனிச்சறுக்கு வீரர்களின் பயிற்சிக்கு உதவும் பொருட்டு இதில் முனைந்து, 1977-இல் போலார் என்ற கம்பெனியை நிறுவினார். 1982-இல் அக்கம்பெனி வெளியிட்ட கருவியே உடம்பிலிருந்து கம்பி எதுவும் தொங்காமல் துடிப்பைக் காட்டிய முதற்கருவி. பனிக்காட்டில் சறுக்குபவனுக்காகப் பிறந்த பொருள், வியர்வை சொட்டச் சொட்ட முட்டுக்காட்டுப் பாலத்தின்மீது ஏறுகிற நம்மிடம் வந்து சேர்ந்திருப்பதை நினைத்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

அந்தப் பட்டை உள்ளே என்ன செய்கிறது என்பதைச் சிறிது அறிந்துகொண்டால், அது தருகிற உபத்திரவங்களில் பாதி தீர்ந்துபோகும். ஹிருதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் அதில் எழுகிற சிறிய மின்னோட்டம் உடம்பெங்கும் பரவித் தோல்வரை வருகிறது. மார்பின் இருபுறத்திலும் படிந்திருக்கிற இரண்டு மின்வாய்கள் அவ்வோட்டத்தை வாங்கித் தர, பட்டையின் நடுவிலுள்ள அனுப்புகருவி அதன் சிகரத்தை மட்டும் கண்டுகொண்டு, ஒரு சிகரத்துக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலத்தைக் கணக்கிட்டு அனுப்புகிறது. நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் வில்லெம் ஐந்தோவன் என்ற பேரறிஞர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே மின்னோட்டத்தைப் பதிவு செய்தபோது, அவருடைய யந்திரம் ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்றது. பரிசோதிக்கப்படுகிறவர் தம் இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர் நிறைந்த பாத்திரங்களில் அமிழ்த்திக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. 1924-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு அதற்காகவே கிடைத்தது. உப்புநீர் எதற்கு? காய்ந்த தோல் மின்சாரத்தை எளிதில் விடாது, உப்புநீரோ வழிவிடும். ஆகவே, புறப்படுகிற போது பட்டையின் உட்புறத்தை நீரால் நன்றாக நனைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். நனைக்காமல் கட்டிக்கொண்டு, முதற் பத்து நிமிஷம் எண் தோன்றாமலும், அல்லது வீட்டு வாசலிலேயே 210 என்று தோன்றியும் திகைக்கிறவர்கள் நம்மிலே பலர் உண்டு. செயற்கை நூலாலான சட்டை காற்றில் படபடத்து உராய்வதாலும் இத்தகைய பொய்யெண் எழும். நல்லவேளையாக நம்முடைய கடற்கரை ஈரமானது; நீலாங்கரையைத் தாண்டுவதற்குள் வேண்டிய உப்புநீரை உடம்பே உற்பத்தி செய்துகொள்கிறது.

செய்தி செல்லும் முறையிலும் இரண்டு தலைமுறைகள் உள்ளன. பழைய பட்டைகள் 5 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு காந்தப்புலத்தை எழுப்பித் துடிப்புதோறும் ஒரு குறிப்பு அனுப்பும். ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரத்துக்குள் இருக்கிற மீட்டர் அதைக் கேட்டுக்கொள்ளும். யாருடைய துடிப்பு என்ற விலாசம் அதிலே கிடையாது. ஆதலால் அவ்வகைக் கருவி பூட்டிய இருவர் தோளோடு தோள் உரசப் பேசிக்கொண்டே மிதித்தால், ஒருவருடைய ஹிருதயத்தை மற்றவருடைய மீட்டர் எண்ணிவிடும்; அல்லது இருவருடைய துடிப்பையும் கூட்டிக் குழப்பி எவருக்கும் பொருந்தாத ஓர் எண்ணைக் காட்டும். அந்தரங்கமான நட்புக்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை என்று நகைச்சுவையாகச் சொல்லலாமேயொழிய, பயிற்சிக்கு இது உதவாது. ரயில் பாதையின் மேலே செல்லும் உயர் அழுத்த மின்கம்பிகளின் அருகிலும், மலிவான சில எல்.இ.டி. விளக்குகளை மீட்டருக்கு ஒட்டினாற்போல் பூட்டியிருக்கும்போதும் இதே கூத்து நடைபெறும். பின்னர் வந்த ஏ.என்.டி. பிளஸ், புளூடூத் முறைகளில், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஒவ்வொரு பட்டையும் தன் அடையாள எண்ணோடு பேசுகிறது. ஒருமுறை மீட்டரோடு அதனை இணைத்துவிட்டால் பிறகு அண்டை அயலாருடைய துடிப்பு உள்ளே நுழையாது. ஆனால் அந்த முதல் இணைப்பை, இருபது பேர் கூடி நிற்கிற இடத்தில் செய்யாமல் வீட்டிலே தனியாக இருந்து செய்துகொள்வது உத்தமம்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சக்கரம் எத்தனை முறை சுற்றிற்று என்பதே மீட்டருக்குத் தெரியும். ஒரு சுற்றுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பதை நாம்தான் அதற்குச் சொல்லவேண்டும். 25 அளவு டயருக்கு ஏறத்தாழ 2105 என்றும், 28 அளவுக்கு 2136 என்றும் அட்டவணைகள் கூறும். டயரை 28-க்கு மாற்றிவிட்டு எண்ணை மாற்றாமல் விட்டவர், மெய்யாக 100 கிலோமீட்டர் மிதித்தாலும் மீட்டரில் ஒன்றரைக் கிலோமீட்டர் குறைவாகவே காண்பார். அட்டவணையைக் காட்டிலும் நம்பத்தக்க வழி, காற்றை வழக்கம்போல அடித்து, வால்வு நேர் கீழே வரும் இடத்தில் தரையில் ஒரு கோடு கிழித்து, ஸீட்டில் உட்கார்ந்தபடியே சக்கரத்தை நேராக ஒரு முழுச்சுற்று உருட்டி, மறுபடியும் வால்வு கீழே வருமிடத்தில் இன்னொரு கோடு கிழித்து, இடைவெளியை அளந்துகொள்வது. நம்முடைய பாரமும் டயரைச் சற்று அமுக்குகிறது என்பதால்தான் உட்கார்ந்தபடியே உருட்டச் சொல்கிறேன்.

இனி, நான் முக்கியமாகக் கருதுகிற விஷயத்துக்கு வருகிறேன். உங்களில் அநேகர், '220-இலிருந்து வயதைக் கழித்தால் வருவது என் ஹிருதயத்தின் உச்சவரம்பு' என்று வேதவாக்கியம்போல் நம்பி, அதை மீட்டரில் பதித்து வைத்து, அவ்வரம்பை நெருங்கும்போது அது கீச்சிடுவதைக் கேட்டு அஞ்சுகிறீர்கள். இந்தச் சூத்திரம் பிறந்த கதையை அறிந்தால் அச்சம் குறையும். 1971-இல் ஃபாக்ஸ், ஹாஸ்கல் முதலிய அமெரிக்க வைத்திய அறிஞர்கள், தாங்களாக ஒரு பெரிய பரிசோதனை நடத்தி இதைக் கண்டார்கள் அல்லர். முன்னமே வெளிவந்திருந்த சில ஆய்வுகளின் புள்ளிகளை ஒரே தாளில் குறித்துப் பார்த்து, அவற்றினூடே செல்லும் சுலபமான ஒரு கோட்டைச் சொன்னார்கள். கழித்தற்கணக்கு எவருக்கும் எளிதாகையால் அது உலகெங்கும் பரவிவிட்டது. 2001-இல் தனாகா என்பவரும் அவருடன் உழைத்தவர்களும் மிகப் பலருடைய அளவுகளைத் திரட்டி, வயதில் பத்தில் ஏழு பங்கை 208-இலிருந்து கழிப்பதே பொருத்தம் என்று காட்டினார்கள். அறுபது வயதினருக்கு முதற்கணக்கின்படி 160, இரண்டாவதன்படி 166. எந்தச் சூத்திரத்தைக் கொண்டாலும், அது ஒரு ஜனக்கூட்டத்தின் சராசரியேயன்றித் தனி மனிதனுடைய அளவு அன்று. அச்சராசரிக்கு மேலும் கீழும் பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் விலகி நிற்பது சர்வ சாதாரணம், இருபது விலகி நிற்கிறவர்களும் அபூர்வமல்லர். ஒரே வயதினரான இருவர், ஒருவர் 148-இலும் மற்றவர் 178-இலும் தம் உச்சத்தை அடைந்து, இருவருமே பூரண ஆரோக்கியத்தோடு இருக்கலாம். அங்ஙனமிருக்க, தேநீர்க்கடையில் ஒருவருடைய 150-ஐ மற்றவருடைய 150-ஓடு ஒப்பிடுவது எவ்வாறு பொருந்தும்? முன்னவருக்கு அது எட்ட முடியாத எண். பின்னவருக்கோ பாட்டுப் பாடிக்கொண்டு போகாவிடினும் ஓரிரு வாக்கியம் பேசிக்கொண்டு போகக்கூடிய எண்.

இந்த வேற்றுமைக்கு ஓரளவு இடங்கொடுக்கும் கணக்கொன்று, பின்லாந்துக்காரரே ஆன மார்ட்டி கார்வோனென் என்பவருடைய பெயரால் 1957 முதல் வழங்கிவருகிறது. காலையில் கண்விழித்ததும் படுக்கையிலேயே எண்ணிய துடிப்பை உச்சத்திலிருந்து கழித்தால் கிடைப்பதே அவரவருக்கு உள்ள இருப்பு. ஓய்வில் 60, உச்சம் 170 என்றால் இருப்பு 110. அதில் நூற்றுக்கு அறுபது பங்கான 66-ஐ ஓய்வுத் துடிப்போடு கூட்டினால் 126, எழுபது பங்கானால் 137. நீண்டதூரம் நிதானமாக மிதிக்க விரும்புகிறவருக்கு இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது ஏறக்குறைய சரியாக இருக்கும். இதற்கும் மேலாக எளிய பிரமாணம் ஒன்றுண்டு: பக்கத்தில் வருகிறவரோடு மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள், முடிகிற போது மீட்டர் என்ன காட்டுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தச் சூத்திரத்தையும்விட அது உங்களுக்கு அணுக்கமானது.

நம் நாட்டுச் சித்த வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், கபம் மூன்றும் ஒன்று, அரை, கால் என்ற விகிதத்தில் நடக்கின்றனவா என்று பார்த்தார். அந்தச் சாஸ்திரத்தை இங்கே வாதிக்க வரவில்லை. ஆனால் அவர் எண்ணிக்கையோடு நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காலம் எது, உண்டது என்ன, உறங்கினானா என்றெல்லாம் விசாரித்த பிறகே நாடியைப்பற்றி அவர் வாய் திறந்தார். மார்புப்பட்டைக்கு அவ்விசாரணை தெரியாது. அதை நாமே செய்யவேண்டும்.

உதாரணமாக, சித்திரை மாதத்தில் நாம் எல்லோரும் காண்கிற ஓர் அதிசயத்தைச் சொல்கிறேன். விடியற்காலையில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது 128 என்று காட்டிய மீட்டர், மாமல்லபுரத்திலிருந்து திரும்பி வருகையில், வெயில் ஏறிய பின்னர், அதே வேகத்துக்கு, காற்றும் அதேபோலிருந்தும், 140-ஐத் தாண்டி நிற்கும். மீட்டர் கெட்டுவிட்டதென்று சிலரும், தம் ஹிருதயம் கெட்டுவிட்டதென்று சிலரும் கலங்குகிறார்கள். இரண்டுமில்லை. வியர்வையாக நீர் வெளியேறுவதால் இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது. உள்ளே பிறக்கிற உஷ்ணத்தை வெளியேற்றுவதற்காக இரத்தத்தில் ஒரு பங்கு தோலை நோக்கித் திருப்பிவிடப்படுகிறது. ஆகவே ஹிருதயத்துக்குத் திரும்பி வருகிற இரத்தம் குறைந்து, ஒரு துடிப்பில் அது வெளித்தள்ளும் அளவும் குறைய, அக்குறையை ஈடுசெய்ய அது அதிகமுறை துடிக்கிறது. இப்படிப்பட்ட வேளையில் வேகத்தை விடாப்பிடியாகக் காப்பாற்றாமல் துடிப்பைக் காப்பாற்றுங்கள். 22-க்கு இறங்கினால் மானம் போய்விடாது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் உப்புச் சேர்ந்த மோரோ இளநீரோ அருந்துவதும் நன்று. முந்திய இரவு தூக்கம் கெட்டாலும், உள்ளே சுரம் இருந்தாலும், புறப்படுமுன் இரண்டு டம்ளர் காப்பி குடித்தாலும் எண் உயரும். படுக்கையில் எண்ணும் ஓய்வுத் துடிப்பு வழக்கத்தைவிட ஏழெட்டுக் கூடியிருக்கும் நாளில் சைக்கிளை வெளியே எடுக்காமலிருப்பதே விவேகம்.

எண் பின்தங்கி வருவது என்பதையும் மறவாதீர்கள். ஏலகிரியின் பதினான்கு கொண்டையூசி வளைவுகளில் ஏறியவர்கள் இதை அறிவார்கள். வளைவில் எழுந்து நின்று மிதிக்கிற அந்தக் கணத்தில் மீட்டர் சாதுவாகவே இருக்கும். அரை நிமிஷம் கழித்து, சாய்வு தணிந்து நாம் ஆசுவாசம் கொள்ளும்போதுதான் எண் உச்சிக்கு ஏறும். ஆகையால், சிறிய ஓட்டங்களுக்குத் துடிப்பை நம்பிப் பயனில்லை. நீண்ட ஏற்றத்துக்கும் நீண்ட சமவெளிக்குமே அது ஏற்றது. பெரிய வீரர்களும் துடிப்பைக் கொண்டே பயிற்சி செய்த காலம் ஒன்றிருந்தது. இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசர் 1984 ஜனவரியில் மெக்ஸிகோ நகரத்தில் ஒரு மணி நேரத்தில் 51.151 கிலோமீட்டர் மிதித்துச் சாதனை புரிந்தபோது, அவருடைய பயிற்சிக்கு வழிகாட்டிய பேராசிரியர் கொன்கோனி வகுத்த துடிப்புப் பரிசோதனையின் புகழ் தேசமெங்கும் பரவிற்று. அச்சாதனைக்கு முன்பு தாம் இரத்தம் ஏற்றிக்கொண்டதை மோசர் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார் என்பதும், அக்காலத்து விதிகளில் அதற்குத் தடை இருக்கவில்லை என்பதும் அவ்வளவாகப் பரவவில்லை. துடிப்பை மட்டும் பார்த்துப் பின்பற்றப் புறப்பட்டவர்களுக்கு, கதையின் பெரும்பகுதி மறைந்தே இருந்தது.

மருந்து உட்கொள்கிறவர்கள் இந்தப் பத்தியைத் தனியே படிக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்காகவோ ஹிருதய நோய்க்காகவோ அடெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் உண்பவர்களுக்கு, அம்மருந்தின் குணத்தாலேயே துடிப்பு உயராமல் தாழ்ந்து நிற்கும். அவர்களுக்கு மேற்சொன்ன சூத்திரங்கள் ஒன்றும் பொருந்தா. பொருந்தச் செய்வதற்காக மாத்திரையை நிறுத்துவது மகா அபாயம். தங்கள் வைத்தியரிடமே எல்லையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மேலும், பட்டை துடிப்பை எண்ணுகிறதே தவிர, இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்பதை அறியாது. எண் ஒழுங்காக 125 காட்டிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு நேரலாம். மார்பில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, காரணமில்லாத குளிர்ந்த வியர்வை, வழக்கத்தில் இல்லாத மூச்சுத்திணறல் இவற்றில் ஒன்று தோன்றினாலும் மீட்டரைப் பார்க்காதீர்கள். சைக்கிளை விட்டு இறங்கி உட்காருங்கள், கூட வருகிறவர் 108-ஐ அழைக்கட்டும். நன்றாக நனைத்துக் கட்டிய பட்டையிலும், நிதானமாகப் போகும்போதே எண் மேலும் கீழுமாகத் தாவுவது பலநாள் தொடர்ந்தால், நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டி, முறையான இ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பட்டையின் குற்றமாகவே இருக்கும். அபூர்வமாகத் துடிப்பின் ஒழுங்கே தவறியிருக்கும்.

அப்படியானால் இக்கருவியை எதற்குத்தான் கொள்வது என்று கேட்பீர்கள். திருவான்மியூருக்கும் முட்டுக்காட்டுக்கும் இடைப்பட்ட சாலையை, மாதம் இருமுறை, காற்று அடங்கிய விடியற்காலையில், துடிப்பு 130-ஐ விட்டு அதிகம் விலகாதபடி மிதித்து, எடுத்துக்கொண்ட நேரத்தை ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதி வாருங்கள். உங்கள் எண் 120 ஆயின் 120. சில மாதங்களில், அதே துடிப்புக்கு நேரம் சிறிது சிறிதாகக் குறைவதைக் காண்பீர்கள். ஹிருதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தைத் தள்ளவும், கால்தசைகள் அதை நன்றாகப் பயன்படுத்தவும் கற்றுக்கொண்டன என்பதற்கு அதுவே அத்தாட்சி. ஓட்டம் நின்றபின் முதல் நிமிஷத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்பதையும் அருகே எழுதுங்கள். 1999-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து வைத்தியர்கள், அம்முதல் நிமிஷத்தில் 12-க்கு மேல் இறங்காதவர்களிடையே பின்வந்த ஆண்டுகளில் மரணம் அதிகமாக இருந்தது என்று கண்டு எழுதினார்கள். அவர்கள் ஆஸ்பத்திரியில், யந்திரத்தின்மேல் நடக்கச்செய்து பார்த்த அளவு அது. சாலையோரத்தில் நின்று பார்த்துவிட்டு அதையே தீர்ப்பாகக் கொள்ளவேண்டாம். உங்கள் எண் மாதந்தோறும் எத்திசையில் போகிறது என்பதைக் கவனித்தால் போதும்.

மிதிக்கிற போது அந்தச் சிறு திரையை உற்றுப் பார்த்துக்கொண்டே போகாதீர்கள் என்பது இன்னொரு வேண்டுகோள். புதுச்சேரி பஸ்கள் நமக்காகக் காத்திருப்பதில்லை. முன்னால் போகிறவர் எண்ணைப் பார்க்கத் தலைகுனிந்த கணத்தில் வேகம் தளர, பின்னால் ஒட்டிவருகிறவரின் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்தில் உரசி இருவரும் விழுவது ஒரு நொடி வேலை.

வீடு திரும்பியதும் பட்டையைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். உப்புப் படிந்தால் மின்வாய் சீக்கிரம் கெடும். நடுவிலுள்ள அனுப்புகருவியைப் பட்டையிலிருந்து பிரித்து வையுங்கள். ஈரம் இருக்கிறவரை அது மார்பின்மேல் இருப்பதாகவே எண்ணிக்கொண்டு விழித்திருந்து, உள்ளேயிருக்கும் காசு வடிவான பாட்டரியைத் தீர்த்துவிடும். வருகிற ஞாயிறன்று நான் ஓர் அளவு நாடாவும் சாக்குக்கட்டியும் கொண்டுவருகிறேன். சக்கரத்தை இன்னும் அளந்துகொள்ளாதவர்கள் கால்மணி முன்னதாக வந்தால், புறப்படுமுன் அளந்து மீட்டரில் பதித்துவிடலாம்.

இங்ஙனம்,
உங்களோடு பின்வரிசையில் மிதிக்கும் ஒருவன்